நடந்து முடிந்ததற்காக வேண்டலாமா? இண்டியானாபொலிஸ் பந்தயத்தின் இரவு ஒளிபரப்பும் காலம் பற்றிய ஒரு கேள்வியும்

ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்துவிட்ட பின்னும் அதன் முடிவை இன்னும் அறியாத ஒருவர், அது இன்னவாறு அமைந்திருக்க வேண்டும் என்று விரும்புவதற்கும், அவ்வாறு அமைந்திருக்குமாறு இறைவனை வேண்டுவதற்கும் பொருள் உண்டா என்பது சமயச் சிந்தனையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் கேள்வியாகும். விடைத்தாள்கள் திருத்தப்பட்டு மதிப்பெண்களும் பதிவாகிவிட்ட பின், தேர்வு முடிவு வெளியாகும் நாளின் காலையில் கோயிலுக்குச் சென்று நிற்கும் மாணவரின் வேண்டுதல் இத்தகையது; காலத்தின் இயல்பு, இறைவனின் அறிவு, மனித விருப்பத்தின் எல்லை ஆகிய மூன்றையும் பற்றிய ஒரு நிலைப்பாடு, அவர் அறியாமலேயே அந்த வேண்டுதலுக்குள் அடங்கியிருக்கிறது.

இக்கேள்வி நூல்களுக்கு வெளியே, ஒரு நாட்டின் பொதுவாழ்வில், ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் முன் எழுந்த ஒரு சூழல் உண்டு. 1971 முதல் 1985 வரை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 கார்ப் பந்தயம் பகலில் ஓடி முடிந்த பின், அன்றிரவு பதிவாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அந்த ஒளிபரப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவற்றை இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். அவ்வேக்கம் அக்காலப் படக்கருவிகள் தந்த மங்கலான காட்சியையும் பழகிய வர்ணனையாளர்களின் குரலையும் மட்டும் நாடுவதாகத் தோன்றவில்லை. முடிவு தீர்ந்துவிட்ட ஒன்றை இன்னும் தீராததாக எதிர்கொண்டு, ஆபத்தில் இருக்கும் மனிதருக்காக மனமார நலம் விரும்பிய ஒரு நிலையையே அது நாடுகிறது. அந்த நிலை வெறும் மயக்கமா, அல்லது வேண்டுதலின் உண்மை இயல்பை வெளிப்படுத்துவதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஒரே பந்தயம், இரண்டு காலங்கள்

திறந்த சக்கரப் பந்தயம் என்பது, சக்கரங்கள் காரின் உடற்கூட்டுக்கு வெளியே மறைப்பின்றி நீண்டிருக்கும் வகைக் கார்களைக் கொண்டு நடத்தப்படுவது. ஃபார்முலா ஒன் கார்களும் இண்டியானாபொலிஸில் ஓடும் கார்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு காரின் சக்கரம் மற்றொன்றின் சக்கரத்தை உரசினால், சுழலும் டயர்களின் பிடிப்பே காரைக் காற்றில் தூக்கி எறிந்துவிடக்கூடும் என்பதால், இப்பந்தயத்தில் நெருங்கி ஓட்டுவது எப்போதும் உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே இருந்துவந்துள்ளது. 1911-இல் தொடங்கிய இண்டியானாபொலிஸ் 500, இரண்டரை மைல் நீளமுள்ள தடத்தை 200 முறை சுற்றி 500 மைல், அதாவது ஏறத்தாழ 805 கிலோமீட்டர், கடக்கும் பந்தயம். போரில் உயிர்நீத்த படைவீரர்களை அமெரிக்கர் நினைவுகூரும் விடுமுறையை ஒட்டி, மே மாத இறுதியில் அது நடத்தப்படுகிறது.

இப்பந்தயத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே இழுபறியாக இருந்தது. 1949 மே 30 அன்று இண்டியானாபொலிஸ் நகரின் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.எஃப்.பி.எம். தன் சேவையைத் தொடங்கியபோது அவ்வாண்டுப் பந்தயத்தை நேரலையாகக் காட்டியது. 1950-இலும் அவ்வாறே செய்தது. வீட்டிலேயே பந்தயத்தைக் காண முடிந்தால் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கித் தடத்துக்கு வரமாட்டார்கள் என்று நிர்வாகம் அஞ்சியதால், அதன்பின் நேரலை நிறுத்தப்பட்டது. 1952-இல் தடத்தின் சொந்த வானொலி வலையமைப்பு உருவாகி, சிட் காலின்ஸ் அதன் தலைமை அறிவிப்பாளரானார். 1976 வரை அவருடைய குரலே நாடெங்கும் பந்தயத்தை அது நடக்கும் நொடியிலேயே கொண்டுசென்றது. 1964 முதல் 1970 வரை, கட்டணம் செலுத்தித் திரையரங்கில் அமர்வோருக்கு மட்டும் நேரடிக் காட்சி அனுப்பப்பட்டது. ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 1965-இலிருந்து தன் வாராந்தர விளையாட்டு நிகழ்ச்சியில் பந்தயத்தின் சுருக்கத்தைக் காட்டியது. 1971-இலிருந்து அன்றிரவே பதிவாக ஒளிபரப்பியது. நாடு தழுவிய, தொடக்கம் முதல் இறுதிவரையிலான நேரலை 1986-இல்தான் வந்தது.

இதனால் 1971-க்கும் 1985-க்கும் இடையில் ஒரே பந்தயம் ஒரே நாளில் இரண்டு காலங்களில் வாழ்ந்தது. பகலில் வானொலியைக் கேட்டவருக்கு அது நடந்துகொண்டிருப்பது. இரவில் தொலைக்காட்சியைப் பார்த்தவருக்கு அது நடந்து முடிந்தது, ஆயினும் இன்னும் அறியப்படாதது. இரவுக் காட்சிக்காகக் காத்திருந்தவர் வானொலியைத் திறக்காமலும், மாலைச் செய்தியைக் கேட்காமலும், தடத்திலிருந்து திரும்பிய அண்டை வீட்டாரைக் கேள்வி கேட்காமலும் இருக்க வேண்டியிருந்தது. அறிந்தவர்கள் வாய்திறவாதிருந்தால்தான் அறியாதவரின் அறியாமை நிலைக்கும் என்பதால், ஒருவரின் எதிர்பார்ப்பைக் காப்பது சுற்றியிருந்த அனைவரின் பொறுப்பும் ஆயிற்று. ஒரே அறையில் முடிவை அறிந்தவரும் அறியாதவரும் அருகருகே அமர்ந்து ஒரே காட்சியைக் காணும்போது, முன்னவரின் மனத்தில் நடப்பது நினைவுகூர்தல், பின்னவரின் மனத்தில் நடப்பது எதிர்நோக்குதல். இருவர் கண்ணிலும் படுவது ஒன்றே என்பதால், வேறுபாடு காட்சியில் இல்லை, அறிவில் இருக்கிறது என்பது இங்கு தெளிவாகிறது.

வீண் வேண்டுதல் என்னும் விலக்கு

இத்தகைய நிலையில் எழும் விருப்பத்தைக் கடுமையாக விலக்கிய மரபு யூத மரபாகும். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, வாழ்த்துகளையும் வேண்டுதல்களையும் பற்றிய பகுதியில், நடந்துவிட்டதை நோக்கிக் கூக்குரலிடுவது வீண் வேண்டுதல் என்று வரையறுத்து இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. மனைவி கருவுற்றிருக்கும்போது பிறக்கப்போவது ஆண் குழந்தையாக இருக்க வேண்டும் என்று கணவன் வேண்டுவது முதலாவது; பயணம் முடித்துத் திரும்புகிறவன் ஊருக்குள்ளிருந்து வரும் அலறலைக் கேட்டு, அது தன் வீட்டிலிருந்து வருவதாக இருக்கக் கூடாது என்று வேண்டுவது இரண்டாவது. அலறல் எங்கிருந்து எழுந்ததோ அங்கிருந்து எழுந்துவிட்டது; அவன் வேண்டுதல் இனி எதையும் மாற்றாது. இவ்விதியை விளக்கும் தால்மூத் என்னும் பெருநூல், கருவின் உருவம் தீராத முதல் 40 நாள்களுக்கு மட்டும் முதல் வகை வேண்டுதலுக்கு இடமளிக்கிறது. நிகழ்ச்சி உண்மையிலேயே தீராதிருக்கும் வரை வேண்டலாம், தீர்ந்த பின் கூடாது என்பதே இவ்விதிவிலக்கின் அடிப்படை.

கிறித்தவ இறையியலிலும் இக்கருத்துக்கு வலுவான துணை உண்டு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமஸ் அக்குவினாஸ், நடந்ததை நடவாததாக்குவது முரண்பாட்டை உள்ளடக்கியது என்பதால், எல்லாம் வல்ல இறைவனின் ஆற்றலுக்குள்ளும் அது அடங்காது என்று வாதிட்டார். எதிர்நோக்கு என்னும் மன உணர்வை ஆராயும் இடத்தில், அதன் பொருள் நன்மையாகவும், எதிர்காலத்தைச் சேர்ந்ததாகவும், அடைவதற்கு அரியதாகவும், ஆயினும் அடையக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று நான்கு இலக்கணங்களை அவர் வகுத்தார். இவ்வரையறையின்படி, பகலில் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து தன் விருப்பத்துக்குரிய ஓட்டுநர் வெல்ல வேண்டும் என்று நினைத்தவர் கொண்டதே எதிர்நோக்கு. அதே நினைப்பை இரவில் தொலைக்காட்சியின் முன் கொண்டவர், எதிர்நோக்கின் தோற்றம் மட்டுமே உடைய வேறு ஏதோவொன்றைக் கொண்டவராகிறார்.

இம்முடிவைக் கேட்கும்போதே மனம் அதை ஏற்கத் தயங்குகிறது. இரவுக் காட்சியில் ஒரு கார் சுவரை நோக்கிச் சறுக்கும்போது பார்ப்பவரின் மூச்சு நிற்பதும், உள்ளே இருப்பவர் உயிரோடு இறங்க வேண்டும் என்று அவர் உள்ளம் கதறுவதும், பகலில் வானொலி கேட்டவரின் துடிப்பிலிருந்து எவ்வகையிலும் தரம் குறைந்தவை அல்ல. 1973-ஆம் ஆண்டுப் பந்தயம் இதற்குத் துயரமான சான்று. மழையால் தள்ளிப்போய் மே 30 அன்று நடந்த அப்பந்தயத்தில் ஸ்வீடு சாவேஜ் என்ற ஓட்டுநர் தீப்பிழம்புக்கு நடுவே விபத்துக்குள்ளானார். மீட்புப் பணிக்கு விரைந்த வண்டி மோதி, ஒரு குழுவின் இளம் உதவியாளர் உயிரிழந்தார். சாவேஜ் மருத்துவமனையில் போராடி ஜூலை 2 அன்று இறந்தார். செய்தி முழுதும் எட்டாத நிலையில் அவ்விபத்தின் பதிவைக் கண்ட ஒருவரின் நெஞ்சில், அது நேர்ந்திருக்கக் கூடாது என்ற இறந்தகால விருப்பமும், அந்த இளைஞர் பிழைக்க வேண்டும் என்ற எதிர்கால விருப்பமும் ஒன்றாகவே எழுந்திருக்கும். ஒன்றை வீண் என்றும் மற்றதைத் தகும் என்றும் பிரிக்கும் விதி, விருப்பம் மனத்தில் உண்மையாகப் பிறக்கும் முறையைக் கணக்கில் கொள்ளவில்லை.

காலத்துக்கு அப்பாலிருந்து கேட்பவர்

20-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட், கடந்ததை விளைவிப்பது பற்றி 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் இதையொத்த ஒரு சூழலை எடுத்துக்கொண்டார். அட்லாண்டிக் கடலில் ஒரு கப்பல் இரண்டு மணி நேரத்துக்கு முன் மூழ்கியது, சிலரே பிழைத்தனர் என்று வானொலி அறிவிக்கிறது. அதில் மகன் பயணம் செய்திருந்த தந்தை, அவன் பிழைத்தவர்களுள் ஒருவனாக இருந்திருக்க வேண்டும் என்று உடனே வேண்டுகிறார். மூழ்கியவனை இப்போது பிழைத்தவனாக்கு என்று அவர் கேட்கவில்லை என்பதையும், விபத்து நேர்ந்த பொழுதில் இறைவன் அவனைக் காத்திருக்க வேண்டும் என்பதே அவர் கேட்பது என்பதையும் டம்மெட் பிரித்துக் காட்டினார். எதிர்காலத்தையும் அறிபவர் இறைவன் என்று நம்புவோர், பின்னர் எழப்போகும் இவ்வேண்டுதலையும் அவர் அப்பொழுதே அறிந்திருந்தார் என்று ஏற்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. நடந்ததை மாற்றுமாறு கேட்பது வேறு, நடந்தபோது அது அவ்வாறு நடந்திருக்குமாறு கேட்பது வேறு என்னும் இவ்வேறுபாடே அவருடைய வாதத்தின் உயிர்.

இதற்கு முன்னரே, 1947-இல் வெளியான அற்புதங்கள் பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில், எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இதே திசையில் சென்றிருந்தார். இறைவன் காலத்துக்கு வெளியே இருப்பதால், நண்பகலில் செய்யப்படும் வேண்டுதல் முற்பகலில் நடந்ததன் காரணங்களுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. முடிவை அறிந்துவிட்ட பின் அதற்கு மாறாக வேண்டுவதோ, நடந்ததை ஏற்க மறுப்பதாகும் என்றும் அவர் கருதினார். ஆகவே லூயிஸைப் பொறுத்தவரை வேண்டுதலுக்கு எல்லை வகுப்பது நிகழ்ச்சியின் காலம் அன்று, வேண்டுபவரின் அறிவு. இரவு ஒளிபரப்பைக் கண்டவர்கள் செய்தியைத் தவிர்த்துத் தம் அறியாமையைக் கவனமாகக் காத்தது, இக்கோணத்தில் பார்க்கும்போது, விருப்பம் நேர்மையாக எழுவதற்குரிய நிபந்தனையைக் காத்ததாகும்.

இக்கருத்துகளுக்கெல்லாம் பின்னணியாக நிற்பவர், கி.பி. 524-ஐ ஒட்டி மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபடி எழுதிய ரோமானியச் சிந்தனையாளர் போயத்தியஸ். முன்னும் பின்னும் இன்றி எல்லாக் காலத்தையும் ஒருங்கே உடைமையாகக் கொண்டிருப்பதே இறைவனின் நிலைபேறு என்று அவர் விளக்கினார். ஒரு மனிதன் நடப்பதைக் காண்பவரின் பார்வை அவனை நடக்கவைப்பதில்லை. அதுபோல் இறைவனின் அறிவும் மனிதச் செயலைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அவர் துணிபு. ஒன்றை அறிதல் அதை விளைவித்தல் ஆகாது என்னும் இவ்வுண்மையை இரவு ஒளிபரப்பு வேறொரு தளத்தில் அனைவருக்கும் காட்டியது. பொதுவாக மூன்று மணி நேரத்துக்குக் குறையாத பந்தயத்தை இரவு நிகழ்ச்சிக்கு ஏற்பச் சுருக்கித் தொகுத்தவர்கள் முடிவை அறிந்தவர்கள். வர்ணனையாளர் ஜிம் மெக்கே, மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக வாகையரான ஜாக்கி ஸ்டீவர்ட் ஆகியோரின் குரல்களிலும் சில பகுதிகள் பந்தயம் முடிந்த பின் பதிவாகிச் சேர்க்கப்பட்டவை. அவர்களது அறிவு எந்தக் காரின் வேகத்தையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. திரையில் ஓடிய ஒவ்வொரு காரும் தன் ஓட்டுநரின் முயற்சியால்தான் ஓடியது.

தீர்ந்ததும் விதிக்கப்பட்டதும்

தீர்ந்துவிட்ட முடிவை நோக்கி விரையும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, உலகில் யாவும் இவ்வாறே முன்பே தீர்ந்தவைதாமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. தமிழ் மரபு இந்த ஐயத்தை அதன் முழு வலிமையோடு சந்தித்திருக்கிறது. புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தவரான மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர், யாவும் நியதியால், அதாவது மாற்றவியலாத ஒழுங்கால், அமைந்தவை என்றும் மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றும் கொண்டனர். மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் பகுதியிலும், சமணக் காப்பியமான நீலகேசியின் ஆசீவக வாதப் பகுதியிலும் இக்கொள்கை இடம்பெறுகிறது. உள்ளது அழிவதில்லை, இல்லாதது தோன்றுவதில்லை, யாவும் அசையாது நிலைத்திருக்கின்றன என்னும் கருத்து நீலகேசியில் எடுத்துரைக்கப்பட்டு மறுக்கப்படுகிறது. காலத்தின் எல்லாப் பகுதிகளும் ஒருசேர உள்ளன, மனித அறிவு மட்டுமே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துசெல்கிறது என்று இன்றைய தத்துவவாதிகளில் ஒரு சாரார் கொள்ளும் கருத்தோடு இது நெருங்கிய உறவுடையது.

இக்கொள்கைக்கு 1982-ஆம் ஆண்டுப் பந்தயம் ஒரு விடையைத் தருகிறது. மே 30 அன்று நடந்த அப்பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில், எரிபொருள் நிரப்பும் கடைசி நிறுத்தத்தில் கோர்டன் ஜான்காக் தேவையான அளவு மட்டும் நிரப்பிக்கொண்டு விரைவில் வெளியேற, ரிக் மியர்ஸ் கூடுதல் எரிபொருள் நிரப்பியதால் நேரத்தை இழந்தார். அதன்பின் வேகமான காரை உடைய மியர்ஸ் சுற்றுக்குச் சுற்று இடைவெளியைக் குறைத்து, கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் பக்கவாட்டில் வந்துசேர்ந்தார்; பிடிப்பு குறைந்த காரைத் தம் திறமையாலும் துணிவாலும் முன்னே நிறுத்திய ஜான்காக் 0.16 நொடி வேறுபாட்டில் வென்றார். அந்நாள் வரையிலான இண்டியானாபொலிஸ் வரலாற்றில் அதைவிடக் குறைந்த வேறுபாட்டில் எவரும் வென்றதில்லை. இரவில் அதைக் கண்டவருக்கு அம்முடிவு ஏற்கெனவே தீர்ந்தது. ஆயினும் நிறுத்தத்தில் எடுத்த முடிவு, திருப்பத்தில் தளராத கை, பின்தொடர்ந்தவரின் விடாமுயற்சி ஆகியவற்றாலேயே அது தீர்ந்தது. அம்முயற்சிகள் இன்றி அது தீர்ந்திருக்க வழியே இல்லை. இப்போது மாற்ற முடியாதது என்பதிலிருந்து, எப்போதும் மாற்ற முடியாததாக இருந்தது என்று முடிவுகட்டுவதே ஆசீவகக் கொள்கையின் பிழை என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது. நாளை கடற்போர் நடக்கும் என்னும் கூற்று இன்றே உண்மையாகவோ பொய்யாகவோ இருந்தாக வேண்டுமா என்று அரிஸ்டாட்டில் எழுப்பிய புகழ்பெற்ற வினாவும், தீர்ந்ததற்கும் விதிக்கப்பட்டதற்கும் இடையிலான இவ்வேறுபாட்டைக் காப்பதற்காக எழுந்ததே.

முடிவு எப்போது முடிவாகிறது

இறந்தகாலம் முற்றும் மூடியது என்னும் கருத்தையும் ஓர் எல்லைவரைதான் ஏற்க முடியும் என்பதை 1981-ஆம் ஆண்டு காட்டுகிறது. மே 24 அன்று பாபி அன்சர் முதலாவதாக இறுதிக் கோட்டைக் கடந்து வெற்றியைக் கொண்டாடினார். விபத்தின் காரணமாக மஞ்சள் கொடி காட்டப்பட்டிருந்த வேளையில், அதாவது எவரும் எவரையும் முந்தக் கூடாத வேளையில், நிறுத்தத்திலிருந்து வெளிவந்த அவர் பல கார்களைக் கடந்து தடத்தில் சேர்ந்தது விதிமீறல் என்று முடிவாகி, மறுநாள் காலை வெளியான அதிகாரபூர்வப் பட்டியலில் அவருக்கு ஒரு சுற்றுத் தண்டனை விதிக்கப்பட்டு, மாரியோ ஆண்ட்ரெட்டி வெற்றியாளர் ஆக்கப்பட்டார். மேல்முறையீட்டுக்குப் பின், அக்டோபர் மாதம் 40,000 டாலர் அபராதத்தோடு அன்சருக்கே வெற்றி திருப்பித் தரப்பட்டது. ஞாயிறு இரவு அப்பந்தயத்தைப் பார்த்தவர் முடிந்துபோன ஒன்றைப் பார்ப்பதாக எண்ணியிருப்பார். அன்று வென்றவர் யார் என்னும் கேள்விக்கோ இறுதி விடை ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குப் பிறகே கிடைத்தது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ, வரலாறு பற்றி 1965-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய நிலையை விளக்க ஒரு கருவியைத் தந்தார். முப்பதாண்டுப் போர் 1618-இல் தொடங்கியது என்னும் வாக்கியத்தை 1618-இல் வாழ்ந்த எவரும் சொல்லியிருக்க முடியாது. போர் முப்பது ஆண்டுகள் நீடித்தது என்பது தெரிந்த பின்னரே அவ்வாக்கியம் இயலும். பின்னர் நடந்தவற்றின் துணையோடு முன்னர் நடந்ததை விவரிக்கும் இவ்வகை வாக்கியங்களை அவர் கதைகூறு வாக்கியங்கள் என்று வகைப்படுத்தினார். கார்கள் எந்தெந்த வேகத்தில் எந்தெந்த இடத்தைக் கடந்தன என்பது மே 24 பிற்பகலோடு மூடிவிட்டது. அவ்வோட்டம் வெற்றியா, விதிமீறலா, அநீதிக்கு உள்ளான சாதனையா என்பது மூடவில்லை. அது அதன்பின் வந்த மனிதர்களின் ஆய்வுக்கும் தீர்ப்புக்கும் திறந்தே இருந்தது. இறந்தவரைப் பற்றி நல்லது நினைப்பதும், பழைய தவறுக்காக மன்னிப்புக் கேட்பதும், முன்னோருக்காக வேண்டுவதும் பொருளுடைய செயல்களாக இருப்பது இவ்வகையில்தான். நடந்த செயலை அவை தொடுவதில்லை. அது மனித வாழ்வில் எவ்வாறு பொருள்பெற வேண்டும் என்பதில் அவை பங்கேற்கின்றன.

ஏக்கத்தின் உண்மைப் பொருள்

இனி ஏக்கத்துக்கு வரலாம். ஊரை நினைத்து நோயுறும் சுவிட்சர்லாந்துப் படைவீரர்களைப் பற்றி 1798-இல் வெளியான மானிடவியல் நூலில் எழுதிய இம்மானுவேல் கான்ட், ஊருக்குத் திரும்பியதும் அவர்கள் ஏமாற்றம் அடைகின்றனர் என்றும், அவர்கள் தேடியது அங்கே கழிந்த தம் இளமையையே என்றும் கூறினார். பழைய பந்தய ஒளிபரப்புகளுக்கும் இது பொருந்தும். அப்பதிவுகளில் பல இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றை மீண்டும் பார்ப்பவர் படத்தையும் குரலையும் குறைவின்றிப் பெறுகிறார். 1982-ஆம் ஆண்டின் கடைசிச் சுற்றை இன்று பார்க்கும்போதும் நெஞ்சு படபடப்பதுண்டு. முடிவை அறிந்தும் எழும் இத்தகைய பதைப்பை உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1993-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அப்பதைப்பு உண்மையே என்றாலும், ஜான்காக் வெல்ல வேண்டும் என்றோ மியர்ஸ் முந்த வேண்டும் என்றோ இன்று எவரும் வேண்ட முடியாது. நினைவு புதிய அறிவு எதையும் தராமல் முன்பு அறிந்ததையே மீளத் தருகிறது என்பதால், அதை அளவையாக, அதாவது உண்மை அறிவைத் தரும் தனி வழியாக, நியாயத் தத்துவ மரபினர் ஏற்கவில்லை. பழைய பதிவு தரக்கூடியது நினைவு மட்டுமே. அன்றிரவின் அறியாமையை எந்தப் பதிவும் திருப்பித் தராது. மீட்கப்படாதது காட்சி அன்று, அக்காட்சியின் முன் ஒருவர் வேண்டுபவராக இருக்க முடிந்த நிலை.

இவ்வேக்கம் தன் பொருளைச் சரியாக அறியாவிட்டால் தீங்கான இடங்களுக்கு இட்டுச்செல்லும். தாமத ஒளிபரப்பு எவருடைய ஆன்மிக நலத்துக்காகவும் ஏற்பட்டதன்று. நுழைவுச்சீட்டு விற்பனையைக் காக்கும் வணிகக் கணக்கே அதன் மூலம். தொகுப்பில் பல சுற்றுகள் வெட்டப்பட்டன. விளம்பரங்களுக்கு இடமளிக்கப் பந்தயத்தின் ஒழுங்கான வளர்ச்சி குலைந்தது. பின்னர் சேர்த்த வர்ணனை உடனுக்குடன் சொன்னதுபோல் ஒலித்தது. அதைவிட முக்கியமானது, அக்காலத்து ஆபத்து. 1964-ஆம் ஆண்டுப் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் எட்டி சாக்ஸ், டேவ் மெக்டொனால்ட் ஆகிய இரு ஓட்டுநர்களைப் பலிகொண்ட தீவிபத்தை நேரடியாக அறிவிக்க நேர்ந்த சிட் காலின்ஸ், முன்தயாரிப்பு ஏதுமின்றி வானொலியில் நிகழ்த்திய இரங்கலுரை இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவ்வுரையின் உயர்வைப் போற்றுபவர் எவரும் அதற்குக் காரணமான சாவு மீண்டும் நேர வேண்டும் என்று விரும்ப முடியாது. ஜாக்கி ஸ்டீவர்ட் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பந்தயப் பாதுகாப்புக்காக வாதிடுவதில் செலவிட்டார். 2002-இல் இண்டியானாபொலிஸ் தடத்தின் திருப்பங்களில் மோதலின் வேகத்தை ஏற்றுத் தணிக்கும் சுவர்கள் அமைக்கப்பட்டன. ஓட்டுநர் உயிரோடு இறங்க வேண்டும் என்று அன்றிரவு எழுந்த விருப்பங்கள் மெய்யானவை என்றால், அவ்விருப்பங்களின் நிறைவேற்றம் இன்றைய பாதுகாப்பான தடத்தில்தான் இருக்கிறது. பழைய ஆபத்தின் மீதான ஏக்கம் அவ்விருப்பங்களையே மறுப்பதாகும்.

1986-இல் நாடு தழுவிய முதல் நேரலைக்கு எல்லாம் ஆயத்தமானபோது மழை பெய்து, ஞாயிறும் திங்களும் பந்தயம் நடக்காமல், மே 31 சனிக்கிழமை அன்றுதான் ஓடி பாபி ரஹால் வென்றார். பதிவின் திட்டமிட்ட ஒழுங்குக்குப் பதிலாக, திறந்து கிடக்கும் காலத்தின் நிச்சயமின்மையும் அன்றிலிருந்து வீடுகளுக்குள் வந்தது. இண்டியானாபொலிஸ் நகரத்தாருக்கு மட்டும் பந்தயம் இரவில் காட்டப்படும் வழக்கம் தொடர்ந்தது. நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்த 2016-ஆம் ஆண்டின் 100-ஆவது பந்தயத்தின்போது அந்நகருக்கான நேரலைத் தடை விலக்கப்பட்டது. நேரலை, நடக்கும் நிகழ்ச்சியையும் அறிவையும் ஒரே நொடியில் இணைத்துவிட்டது. அதனால் வேண்டுபவர் தம் விருப்பத்துக்கும் நிகழ்ச்சிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று எண்ணிக்கொள்வது எளிதாயிற்று. தாமத ஒளிபரப்பு அந்த எண்ணத்துக்கு இடமே தரவில்லை. பார்ப்பவரின் விருப்பம் எதையும் விளைவிக்காது என்பது தொடக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தது. அது தெரிந்தும் அவர் விரும்பினார்.

வேண்டுதலின் இயல்பு பற்றி அவ்விரவுகள் சொல்வது இதுதான். விளைவை ஈட்டும் கருவியாக மட்டும் வேண்டுதலைக் கருதினால் மிஷ்னாவின் விலக்கு சரியானதே. ஊருக்குள்ளிருந்து எழுந்த அலறலை எந்தச் சொல்லும் இடம்மாற்றாது. இறைவனின் அறிவு எல்லாக் காலத்தையும் தழுவியது என்று நம்புவோருக்கு டம்மெட்டும் லூயிஸும் காட்டிய வழி திறந்திருக்கிறது. அதில் உள்முரண் இல்லை என்பதற்கு மேல் தத்துவம் எதையும் உறுதிகூறாது. ஆயினும் இவ்விரு நிலைகளுக்கும் முன்னதாக ஓர் உண்மை நிற்கிறது. பிறர் ஆபத்தில் இருப்பதை அறிந்த மனம், தன்னால் ஏதும் ஆகாது என்பதைக் கணக்கிட்ட பின் நலம் விரும்புவதில்லை. விரும்பிய பின்னரே, ஏதேனும் ஆகுமா என்று கணக்கிடுகிறது. அலறலைக் கேட்டுத் திரும்பும் மிஷ்னாவின் பயணி தன் வீட்டுக்கு மட்டும் விலக்கு வேண்டுகிறான். அத்துயரம் இன்னொரு வீட்டின் மேல் விழுந்திருக்க வேண்டும் என்பது அவ்வேண்டுதலின் மறுபக்கம். இரவு ஒளிபரப்பின் முன் அமர்ந்து, தனக்கு முன்பின் தெரியாத ஓட்டுநர் யாவரும் உயிரோடு இறங்கியிருக்க வேண்டும் என்று விரும்பியவரிடம் அந்தக் குறை இல்லை. எனவே வேண்டுதல் வீணாவதற்குக் காரணம் அது காலம் தாழ்ந்து வருவது என்று கொள்வதைவிட, தன்னைச் சார்ந்தவருக்காக மட்டும் எழுவது என்று கொள்வதே பொருத்தமாகும்.

நாடு தழுவிய தாமத ஒளிபரப்பு திரும்பி வரப்போவதில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. அக்காலத்திலிருந்து இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு. பிறருடைய அறியாமையைச் சிறுமையாகக் கருதாமல், அவர் எதிர்நோக்குவதற்கான இடமாக மதித்து, தாம் அறிந்ததைச் சொல்லாமல் காத்த ஒழுக்கம் ஒன்று. தன் கைக்கு எட்டாத இடத்தில், தன் சொல்லுக்குக் கட்டுப்படாத காலத்தில் இருக்கும் மனிதருக்கும் நலம் வேண்டும் பழக்கம் மற்றொன்று. இவ்விரண்டையும் கடைப்பிடிப்பவர் நடந்து முடிந்ததற்காக வேண்டும்போதும் வீணாக வேண்டுவதில்லை. ஏனெனில் நடக்கவிருப்பதற்காக அவர் செய்யவேண்டிய செயல்கள் அவ்வேண்டுதலிலிருந்தே பிறக்கின்றன.